இரண்டாவது கார்டு

எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் சுவர் கிடையாது. ஒரு ப்ளைவுட் பலகைதான். இந்தப் பக்கம் நான் போட்டோவுக்குச் சட்டம் போடுகிறேன். அந்தப் பக்கம் ஸ்டுடியோ. அவர் தும்மினால் இங்கே கண்ணாடி அதிரும். நான் ஆணி அடித்தால் அங்கே பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்திருப்பவர் கண்ணைச் சிமிட்டிவிடுவார். உடனே ஸ்டுடியோக்காரர் பலகையைத் தட்டுவார், கொஞ்சம் பொறு என்று அர்த்தம். படம் சரியாக வந்ததும் மறுபடி தட்டுவார், இனி அடிக்கலாம். பதினொரு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. அதனால் அங்கே நடந்ததெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்க வேண்டாம். ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. காதைப் பொத்திக்கொள்கிற பழக்கமும் இல்லை.

ஸ்டுடியோக்காரருக்கு எங்கள் கடை வரிசையில் 'ரெண்டுதரம்' என்று பெயர். அவர் இல்லாதபோது மட்டும் சொல்வோம். கடையைப் பூட்டியதும் பூட்டை இழுத்துப் பார்ப்பார். நாலு படி இறங்கியபின் திரும்பி ஏறி வந்து இன்னொருதரம் இழுப்பார். டீ சொல்லும்போது, "சர்க்கரை கம்மி, சர்க்கரை கம்மி" என்பார். படம் எடுத்தால் நன்றாகவே வந்திருந்தாலும் "இன்னொண்ணு" என்பார். நேரில் நான் அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும்தான் கூப்பிடுவேன். அண்ணிதான் உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படங்களைச் சரிசெய்கிறவள். பருவை எடுப்பது, மூடின கண்ணைத் திறந்துவைப்பது, சிரிக்காதவரைக் கொஞ்சம் சிரிக்கவைப்பது எல்லாம் அவள் கைவேலை.

அவரைக் கிண்டல் செய்தோமே தவிர, அந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் எடுத்த படங்கள் மொத்தமும் மெமரி கார்டு கெட்டு அழிந்துபோயின. பெண்ணின் அப்பா வந்து திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, "ஒண்ணுகூட இல்லையா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதையே கேட்டார். சாயங்காலம் வரை இருந்துவிட்டுப் போனார். அடுத்த மாதமே ரெண்டுதரம் அந்தக் கேமராவைத் தள்ளிவிட்டு, இரண்டு கார்டு போடுகிற கேமரா வாங்கினார். எடுக்கிற ஒவ்வொரு படமும் முதல் கார்டில் விழும், அதன் நகல் இரண்டாவது கார்டிலும் விழும். ஒன்று போனால் இன்னொன்று இருக்கும். அதற்குப் பிறகுதான் அவருக்குத் தூக்கமே வந்தது.

அண்ணிக்கு ஒரு தம்பி. ஸ்டுடியோக்காரர் அவனை மச்சான், மச்சான் என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு வரிசையில் எல்லோருக்கும் அவன் மச்சானாகிவிட்டான். அப்பா அம்மா போன பிறகு அண்ணிதான் அவனைப் படிக்கவைத்து ஆளாக்கினாள். பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருப்பது அவன் ஒருவன்தான். கேமரா சாமான் விற்கிற பெரிய கடை ஒன்றில் அவனுக்கு வேலை. புதன்கிழமை அந்தக் கடைக்கு லீவு. புதன் மதியம் ரொட்டியும் அவித்த முட்டையும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவான். மூன்று பேரும் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பலகைக்கு மேலே கையை நீட்டி, "அண்ணே, பிடிங்க" என்று எனக்கும் ஒரு முட்டை தருவான். தூரத்து ஊரில் அவன் கடைக்காரர்கள் ஒரு கிளை திறந்திருந்தார்கள். அங்கே போனால் பெரிய வேலை தருவதாகச் சொன்னார்கள். அக்காவை விட்டுவிட்டுப் போக முடியாது என்று ஒரு வருஷமாகத் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தான். அப்படிப்பட்டவன் இரண்டே வாரத்தில் வராமல் போனான். அதைத்தான் சொல்ல வந்தேன். அதில் எனக்கும் பங்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

விளையாட்டு மைதானத்து ஆபீசிலிருந்து ரெண்டுதரத்துக்கு ஒரு வேலை வந்தது. ஓட்டப்பந்தயத்தில் ஓடி வருகிறவர்கள் முடிவுக்கோட்டைத் தொடுகிற நேரத்தைப் படமெடுக்க வேண்டும். இரண்டு சனிக்கிழமை. முதல் சனிக்கிழமை தகுதி ஓட்டம், அடுத்ததில் இறுதி ஓட்டம். சரியாகச் செய்தால் வருஷம் முழுக்க மைதானத்து வேலை அவருக்குத்தான். இது கல்யாணம் மாதிரி இல்லை. பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே இருந்தால் கேமரா நிறுத்தாமல் படபடவென்று எடுத்துக்கொண்டே போக வேண்டும். அதற்கு வேகமான கார்டு வேண்டும். அந்தப் புதன்கிழமை மச்சான் ஒரு பையில் நாலைந்து கார்டு கொண்டுவந்து மேஜையில் பரப்பினான்.

"மாமா, அட்டையில பெருசா ஒரு நம்பர் போட்டிருக்கே, அதைப் பார்க்காதீங்க."

"பார்க்கக் கூடாதுன்னா எதுக்குப் பெருசா போடறான்?"

"அது படிக்கிற வேகம். கார்டுலேர்ந்து கம்ப்யூட்டருக்கு ஏத்தறப்ப வர்றது. நமக்கு வேணுங்கறது எழுதற வேகம், கேமராவுலேர்ந்து கார்டுக்குள்ள போறது. அதைப் பின்னால பொடி எழுத்துல போட்டிருப்பான். சில பேர் போடறதே இல்ல."

"மறைக்கிறான்."

"மறைக்கிறான்னு சொல்ல முடியாது மாமா."

"மறைக்கிறான்."

மச்சான் சிரித்தான். "கேமராவுக்குள்ள சின்னதா ஒரு தொட்டி இருக்குன்னு வச்சுக்குங்க. அமுக்கிப் பிடிச்சா படமெல்லாம் முதல்ல அதுல விழும். அங்கேர்ந்து கார்டுக்கு வடியும். வடியறது மெதுவா இருந்தா தொட்டி நிரம்பிடும். நிரம்பினா கேமரா நின்னுடும், சிவப்பு லைட் எரியும். அதுக்குத்தான் எழுதற வேகம் முக்கியம்ங்கறேன். இந்தக் கறுப்புக் கார்டை எடுத்துக்குங்க. இதுல இப்ப ஒண்ணுதான் இருக்கு. அடுத்த லோடு வந்ததும் இன்னொண்ணு தர்றேன். ரெண்டு ஸ்லாட்லயும் ஒரே மாதிரி இருக்கட்டும், ஏன்னா..."

"ஒண்ணு போதும்பா. நகலுக்குப் பழசே இருக்கு."

"இல்ல மாமா, ரெண்டும்..."

"ஒண்ணு போதும், ஒண்ணு போதும்."

அன்றைக்குப் படிக்கட்டில் டீ குடிக்கும்போது என்னிடம் சொன்னார். "என்னதான் மச்சானா இருந்தாலும் விக்கிறவன் விக்கிறவன்தானே. ரெண்டு வாங்குன்னுதான் சொல்வான்." நானும் தலையாட்டினேன். எதையும் இரண்டாக வாங்குகிற மனுஷன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்று போதும் என்றதே எனக்கு அதிசயமாக இருந்தது.

அண்ணி கார்டுகளுக்கு நகப்பூச்சால் அடையாளம் வைப்பாள். முதல் கார்டுக்குச் சிவப்புப் புள்ளி, நகல் கார்டுக்குப் பச்சைப் புள்ளி. அன்று சாயங்காலம் நகப்பூச்சை அழிக்கிற மருந்து வாசனை பலகையைத் தாண்டி என் கடைக்குள் வந்தது. மூக்கைச் சுளித்துக்கொண்டு கண்ணாடி அறுத்தேன். அந்த வாசனை பின்னால் வேலைக்கு ஆகும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

முதல் சனிக்கிழமை மூன்று மணிக்கே அவர் திரும்பி வந்துவிட்டார். மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு, வராமலே ஏமாற்றிக்கொண்டிருந்த நாள். கேமராப் பையை இறக்காமலே நின்றபடி அண்ணியிடம் சொன்னார்.

"இருநூறு மீட்டர். எட்டு பேர் வர்றாங்க. நான் நல்லா முன்னாலேயே அமுக்கிட்டேன். டக்டக்டக்னு போகுது. கோட்டுக்குப் பத்தடி இருக்கு, நின்னுடுச்சு. சிவப்பு லைட். அமுக்கறேன், அமுக்கறேன், அசையல. அவன் கோட்டைத் தொட்டதை நான் கண்ணால பார்த்தேன். கேமரா பார்க்கல."

"எல்லா ஓட்டத்துலயுமா?"

"எல்லாத்துலயும். இருபத்தி மூணு படம், நின்னுடும். இருபத்தி மூணு, நின்னுடும். மேனேஜர் சொல்லிட்டார், அடுத்த வாரமும் இப்படின்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம்னு."

"தம்பிகிட்ட கேட்டுப் பாருங்களேன்."

"கேக்கறேன்" என்றார். பிறகு இன்னொரு குரலில், "கேக்கறேன்" என்றார்.

திங்கட்கிழமை அந்தக் கறுப்புக் கார்டை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். கண்ணாடியில் கீறல் பார்க்க நான் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருக்கிறேன். "இதைக் கொஞ்சம் பாரு. நான் சொல்லமாட்டேன், நீயா பார்த்துச் சொல்லு." ஒருவர் இப்படிக் கேட்டால் நாம் ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. ஒன்றுமில்லை என்று சொல்ல எதற்குப் பூதக்கண்ணாடி? நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நிபுணன் மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"எழுத்து மங்கலா இருக்கே அண்ணே. இந்த ஓரத்துல கரைஞ்ச மாதிரி இருக்கு."

"கரைஞ்ச மாதிரியா?"

"கரைஞ்ச மாதிரி. நல்ல கம்பெனிச் சரக்குன்னா எழுத்து இப்படிக் கரையாதே."

கடைசி வாக்கியத்தை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நல்ல கம்பெனியையும் அதன் எழுத்தையும் எனக்கு என்ன தெரியும்? அவர் கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். அன்று முழுக்க அவர் கம்ப்யூட்டரில், கள்ளக் கார்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று யார் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை மச்சான் வந்தான். ரொட்டிப் பையை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"அக்கா, முட்டை சூடா இருக்கு. மாமா, ஏன் ஒரு மாதிரியா இருக்கீங்க?"

"இந்தக் கார்டு எங்கேர்ந்து வந்தது?"

"எங்க கடையிலேர்ந்துதான் மாமா."

"கடை அலமாரிலேர்ந்தா, உன் பையிலேர்ந்தா?"



"என்ன மாமா கேக்கறீங்க?"

"புரியற மாதிரிதானே கேக்கறேன்? இருபத்தி மூணு படத்துல நிக்குது. பழைய கார்டு மாதிரியே நிக்குது. அப்புறம் இது என்ன வேகக் கார்டு?"

மச்சான் கொஞ்சம் யோசித்தான். "ரெண்டாவது ஸ்லாட்ல என்ன கார்டு மாமா போட்டிருக்கீங்க?"

"பேச்சை மாத்தாதே."

"மாத்தலை மாமா. அதுல என்ன..."

"நான் இந்தக் கார்டைக் கேட்டா நீ அந்தக் கார்டைப் பத்திப் பேசறே. அது எட்டு வருஷமா என்கூட இருக்கு. ஒருநாளும் என்னைக் கைவிட்டதில்ல. நீ கொடுத்தது முதல் நாளே கைவிட்டுடுச்சு. எழுத்து வேற கரைஞ்சிருக்கு. நான் சொல்லல, பக்கத்துக் கடைக்காரன் லென்ஸ் வச்சுப் பார்த்துச் சொன்னான். நல்ல சரக்குன்னா கரையாதாம்."

நான் அப்போது ஒரு குழந்தைப் படத்துக்குக் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தேன். கோடு கோணலாகப் போய்விட்டது.

அண்ணி குறுக்கே வந்தாள். "அது நான் துடைச்சதுங்க. தவறிப்போய் பச்சைப் புள்ளி வச்சுட்டேன். ரிமூவர் போட்டு அழிச்சுட்டுத்தான் சிவப்பு வச்சேன். அதுலதான் எழுத்து கரைஞ்சது."

"இதை ஏன் அன்னைக்கே சொல்லல?"

"நீங்க எழுத்தைப் போய் பார்ப்பீங்கன்னு எனக்கு என்ன தெரியும்?"

"அப்ப தெரியல. தம்பி மாட்டிக்கிட்டதும் தெரியுது."

எனக்கு அந்த வாசனை ஞாபகத்துக்கு வந்தது. இந்தப் பக்கமிருந்து ஒரு தட்டுத் தட்டி, ஆமாம் அண்ணே, அன்றைக்கு மருந்து வாசனை இங்கே வரை வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்தவர் வீட்டு விஷயத்தில் தலையிடக் கூடாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பூதக்கண்ணாடியை எடுத்தபோது இந்த நியாயம் எங்கே போயிருந்ததோ.

"மாமா, நான் உங்களுக்குக் கள்ளக் கார்டு கொடுத்துட்டேன்னு நினைக்கிறீங்களா?"

"நினைக்கல." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "சந்தேகப்படறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் மாமா."

நாற்காலி நகர்ந்தது. "இருடா, சாப்பிட்டுட்டுப் போ" என்று அண்ணி சொல்வது கேட்டது. "நீ சாப்பிடுக்கா" என்றான். வெளியே வந்தவன் என் கடை வாசலில் நின்றான். முகம் வெளுத்துப்போயிருந்தது. கோபமாக இருந்திருந்தால்கூட எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நீங்களும் பார்த்தீங்களாண்ணே?"

"அன்னைக்கு வெளிச்சம் சரியில்ல தம்பி" என்றேன். பட்டப்பகல் பதினொரு மணிக்குப் பார்த்தது. அவன் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனான். அன்று எனக்கு முட்டை வரவில்லை.

வியாழக்கிழமை ரெண்டுதரம் மச்சானுக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு கடைக்கு, ஊரின் அந்தக் கோடிக்குப் போய், சீல் உடைக்காத பாக்கெட்டில் ஒரு கார்டு வாங்கிவந்தார். பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொண்டார். கேமராவில் போட்டு இரண்டு படம் எடுத்துப் பார்த்தார். நன்றாக வந்தது. அதோடு திருப்தியாகிவிட்டார். அன்றைக்கு ஒரு தடவை அமுக்கிப் பிடித்துப் பார்த்திருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். அவருக்கு எதுவும் இரண்டுதரம்தான், முப்பதுதரம் கிடையாது.

கார்டுகளை இப்போது அண்ணி கையில் கொடுப்பதில்லை. சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார். "யார் போன்ல?" என்று கேட்டார். அண்ணி சொன்ன பிறகும், "யாரு?" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து தட்டு வைக்கிற சத்தமும் மவுஸ் அமுக்குகிற சத்தமும்தான் வந்துகொண்டிருந்தன. பதினொரு வருஷத்தில் அந்தப் பலகை அவ்வளவு கனமாக எனக்குத் தெரிந்ததில்லை.

வெள்ளிக்கிழமை அவர் வெளியே போன சமயம் அண்ணி என் கடைக்கு வந்தாள். ஒரு துண்டு அட்டை வேண்டும் என்றாள். கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"அந்த வெளியூர்க் கிளைக்குப் போறேன்னு கையெழுத்துப் போட்டுட்டானாம். ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணி பஸ்."

"இத்தனை நாள் மாட்டேன்னுதானே இருந்தான்?"

"இருந்தான்." அட்டையின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டே சொன்னாள். "இவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னா நின்னுடுவான். எனக்கு அவனைத் தெரியும். நான் சொன்னா நிக்கமாட்டான். நான் சொல்றது அக்கா பாசம். இவர் சொல்லணும். அந்த ஒரு வார்த்தையை இவர் வாயிலேர்ந்து எப்படி வாங்கறதுன்னுதான் தெரியல."

என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "எழுத்து கரைஞ்சிருக்குன்னு நான்தான் அண்ணி முதல்ல..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சனிக்கிழமை இறுதி ஓட்டம். ஒரு வாரமாகப் பாசாங்கு செய்த மழை அன்று மதியம் ஒரேயடியாகக் கொட்டியது. நாலு மணிக்கு அவர் நனைந்துபோய் வந்தார். கேமராவை மட்டும் சட்டைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். அண்ணி துண்டு கொடுத்தாள். துடைத்துக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இருபத்தி மூணு" என்றார். "இதுவும் இருபத்தி மூணு."

"மேனேஜர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. வாட்ச்மேன் போன்ல எடுத்த படத்தை வாங்கிக்கிட்டார்."  பிறகு மெதுவாகச் சொன்னார். "உன் தம்பியே போய் அந்தக் கடையிலயும் சொல்லி வச்சிருப்பானோ?"

சந்தேகத்தில் நானும் ஒன்றும் குறைந்த ஆள் இல்லை. ஆனால் இதற்கு என்னாலும் ஆமாம் போட முடியவில்லை.

"அந்தக் கேமராவைக் கொடுங்க" என்றாள் அண்ணி.

"எதுக்கு?"

"கொடுங்கன்னா கொடுங்க. வேற கடை, வேற கார்டு, அதே இருபத்தி மூணு. அப்ப ரெண்டு வாரமும் மாறாம உள்ள இருந்தது எது?"

 கேமராவின் பக்கத்து மூடி திறக்கிற சின்னச் சத்தம் கேட்டது.

"அதை எடுக்காதே. நகல் இல்லாம..."

"நாம என்ன கல்யாணமா எடுக்கறோம்? ஒரு நிமிஷம் சும்மா இருங்க. இந்தப் பச்சைப் புள்ளி வெளியில இருக்கட்டும். தம்பி கொடுத்தது எங்கே? சட்டைப்பையிலதானே இருக்கு, எடுங்க."

பிறகு அந்தச் சத்தம் வந்தது. டக்டக்டக்டக் என்று கேமரா ஓட ஆரம்பித்தது. நான் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எண்ணினேன். இருபது, இருபத்தி ஒன்று, இருபத்தி இரண்டு, இருபத்தி மூன்று. நிற்கவில்லை. முப்பது ஆனது. நாற்பது ஆனது. அறுபது வரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ணத் தேவைப்படவில்லை. அண்ணியும் நிறுத்தவில்லை. அமுக்கின விரலை எடுக்க மனசில்லாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள் என்று நினைக்கிறேன்.

விஷயம் அவ்வளவுதான். ஒரு படத்தை இரண்டு கார்டிலும் எழுதி முடித்தால்தான் கேமரா அடுத்த படத்துக்கு இடம் விடும். மச்சான் கொடுத்த கார்டு தன் வேலையைச் சட்டென்று முடித்துவிட்டு, எட்டு வருஷத்துப் பழசு எழுதி முடிக்கட்டும் என்று ஒவ்வொரு தடவையும் காத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

"கேட்டானே" என்றார் ரெண்டுதரம். "ரெண்டாவது ஸ்லாட்ல என்னன்னு கேட்டானே."

உடனே போன் போட்டார்கள். மணி போய்க்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை. அவன் இருந்த அறைக்குப் போய்ப் பார்த்தார்கள். சாமான்களைக் கட்டிக்கொண்டு சிநேகிதன் வீட்டுக்குப் போய்விட்டானாம். எந்தச் சிநேகிதன் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டம் ஏற்றுகிற என் வேனில் மூன்று பேரும் கிளம்பினோம். கேமராவை வைத்துவிட்டு வர அவருக்கு மனசு வரவில்லை, கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். வேனைக் கிளப்பித் தெருமுனைகூடத் தாண்டவில்லை, "நிறுத்து, நிறுத்து" என்றார். இறங்கி ஓடினார். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னைக்குமா?" என்றாள் அண்ணி. அழுகிற மாதிரி இருந்தது குரல்.

பஸ் நிலையத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது அந்தப் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. மச்சான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனவன், மாமாவைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவர் ஜன்னலுக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"மச்சான்."

"சொல்லுங்க மாமா."

"ரெண்டாவது ஸ்லாட்ல பழசு போட்டிருந்தேன்."

"தெரியும் மாமா."

"தெரிஞ்சா அன்னைக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"கேட்டேனே மாமா."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"இறங்கி வா" என்றார்.

மச்சான் அக்காவைப் பார்த்தான்.  அவள் முகத்திலிருந்து கண்ணை எடுத்து மாமாவைப் பார்த்தான். இன்னும் ஒரு தடவை அவர் சொல்வார் என்று காத்திருந்தான் என்றே எனக்குத் தோன்றியது. நானும் காத்திருந்தேன். டீக்கடையில் சர்க்கரையைக்கூட இரண்டுதரம் சொல்கிற மனுஷன்.  அவர் உதடு மட்டும் அசைந்தது.

"கையெழுத்துப் போட்டாச்சு மாமா. பையெல்லாம் கீழே ஏத்தியாச்சு" என்றான் மச்சான். பஸ் நகர்ந்தது. அவர் கை கம்பியிலிருந்து தானாக விலகியது.

நாலு அடி பின்னாலேயே ஓடினார். பிறகு நின்று கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்து அமுக்கினார். எதற்கு எடுத்தார் என்று அவரைக் கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. பஸ் நிலையத்தைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போய், ரோட்டில் திரும்பி, மரங்களுக்குப் பின்னால் மறைகிற வரைக்கும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. உள்ளே மச்சான் கொடுத்த கார்டு மட்டும்தான். ஒரு படம்கூடத் தவறவில்லை.

அடுத்த புதன்கிழமை மதியம் அண்ணி ஒரு படத்தோடு என் கடைக்கு வந்தாள். அவர் பின்னால் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"நூத்தி எண்பத்தாறு படம்" என்றாள். "மூணு நாளா ஒவ்வொண்ணா பெருசு பண்ணிப் பார்த்தேன். ஒண்ணுலதான் தலையை வெளிய நீட்டித் திரும்பிப் பார்க்கிறான். இதுக்குச் சட்டம் போட்டுக் கொடுங்க."

வாங்கிப் பார்த்தேன். பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே ஒரு பாதி முகம், கலைந்த தலைமுடி. பழக்கதோஷத்தில் பூதக்கண்ணாடியை எடுத்து அவன் கண்ணில் வைத்தேன். பார்வை கீழே இருந்தது. அந்தப் பக்கத்தில், பஸ்ஸுக்கு அடியில், பைகள் வைக்கிற கதவு சரியாக மூடாமல் கொஞ்சம் விலகியிருந்தது. அவன் அதைத்தான் பார்த்தான் என்று எனக்குப் பட்டது. பை விழுந்துவிடுமோ என்று பார்க்கிற பார்வை.

"என்னைத்தானே பார்க்கிறான்?" என்று அண்ணி கேட்டாள். வாசலில் நின்றவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தேன்.

"உங்களைத்தான் அண்ணி."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

"நல்லாப் பார்த்துட்டேன்" என்றேன். "உங்களைத்தான்."